எம்டன் கல்லில் எனாமல் வேண்டாம்

பாரம்பரியச் சின்னங்களைப் பேணும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியதன் நினைவாக, சென்னை உயர் நீதிமன்றக் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கும் எம்டன் நினைவுக் கல் தொடர்பாக எழுதுகிறோம். அண்மையில் சுவருக்குப் பெயின்ட் அடித்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், கல்லின் மேல்விளிம்பை மறைக்காமல் ரோலரை ஓட்டிவிட்டார்கள். எமல்ஷன் வழிந்து எழுத்துகளின் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்து கிடக்கிறது. கோடும் வளைவும் தெரியவேண்டிய இடத்தில் வழவழப்பான பிசின்தான் விரலில் தட்டுப்படுகிறது. இதைச் சரிசெய்ய ஆசிட் ஊற்றிக் கழுவி, எழுத்துகளுக்குக் கறுப்பு எனாமல் தடவப்போவதாகக் கேள்விப்பட்டோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

ஆசிட் என்ன செய்யும் என்பது கொத்தனாருக்குத் தெரிந்த சங்கதி. சலவைக் கல்லாக இருந்தால் மேற்பரப்பே கரையும். கருங்கல்லாக இருந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருவாகக் கிளம்பி மஞ்சள் கறை பிடிக்கும். எந்தக் கல்லானாலும், அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் காரையை ஆசிட் அரித்துவிடும். எனாமல் செய்வது வேறொரு கேடு. பாரிமுனையில் வீசுவது உப்புக் காற்று. சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் எனாமல் அடைத்துக்கொண்டால், உப்பு அதன் அடியிலேயே பூத்து, கல்லின் தோலைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். இரண்டு மழைக்காலம் போனால் எனாமலும் உரியும், கூடவே எழுத்தின் விளிம்பும் உரியும். அப்போது மறுபடி எனாமல் பூசுவார்கள். இப்படியே நாலைந்து முறை பூசிப் பூசி எழுத்து மழுங்கிய கல்வெட்டுகளைக் கோயில் வாசல்களில் எத்தனையோ பார்க்கிறோம்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில், கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலில் குண்டு பட்டது, உயிர்களும் போயின. ஊர் அன்று விளக்கை அணைத்திருக்கவில்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கோபுரத்தின் காலடியில்தான் இந்தக் கல் இருக்கிறது. விளக்கு, குண்டு, கல் மூன்றையும் ஒரே பார்வையில் காட்டக்கூடிய இடம் இந்த ஊரில் வேறு இல்லை. அடுத்த நாட்களில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். 48 நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்தது. கப்பல் போனது, பெயர் போகவில்லை. எதற்கும் அஞ்சாத கில்லாடியை "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். அகராதியில் ஏறிய அந்தச் சொல்லுக்குச் சாட்சி இந்தக் கல்.

கோட்டைக்குத் தெற்கே உள்ள போர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள், வைக்கவேண்டியதுதான். ஆனால் வடசென்னையின் பழமைக்கு மட்டும் ஏன் எப்போதும் வெள்ளையடிப்பு ஒன்றே கவனிப்பு? 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், பழைய ஜெயில் ரோட்டில் எஞ்சி நிற்கும் நகரின் மதில், இந்தக் கல் எல்லாமே உப்புக் காற்றில் நிற்பவை. இவற்றுக்குத் தேவை பக்குவம். ஆனால் வருவது பெயின்ட் டப்பா. எங்களுக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

செய்யவேண்டியது அதிகமில்லை. காய்ந்த எமல்ஷனைச் சுரண்டக்கூடாது. கம்பி பிரஷ், உளி, பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். பழைய கட்டடங்களைப் பேணத் தெரிந்த ஒருவர், பெயின்ட் இளக்கும் மருந்தைக் களிமண் பத்தாகக் குழைத்து, முதலில் ஓர் அங்குல மூலையில் மட்டும் போட்டுப் பார்க்கட்டும். கல் நிறம் மாறவில்லை என்றால்தான் மேலே போகவேண்டும். பிறகு நல்ல தண்ணீரும் மெல்லிய நைலான் பிரஷும் போதும். கல்லைச் சுற்றிச் சிமென்ட் வைத்திருந்தால் கையால் மெல்ல எடுத்துவிட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்து இணைப்பை நிரப்பவேண்டும். அதன்மேல் ஈரக் கோணியை ஒரு வாரம் காயவிடாமல் வைக்கவேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கோணி இல்லாவிட்டால் காரை வெடிக்கும். அடுத்தமுறை சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது கல்லைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தில் டேப் ஒட்டவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

ஐப்பசி மழையில் சுண்ணாம்பு இறுகாது. செப்டம்பர் 22 நினைவு நாளுக்குப் பளிச்சென்று தெரியவேண்டும் என்று அவசரமாக எதையும் பூசவேண்டாம். தை பிறந்ததும் தொடங்குங்கள். அதுவரை ஆசிட்டும் எனாமலும் படாமல் அந்தக் கல்லை அப்படியே விட்டுவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னைவாசிகள்