ஓசோனை விற்பதற்கு முன் சோதித்துச் சொல்லுங்கள்

திருநெல்வேலி மாவட்ட மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. எனக்கு முக்கூடல் பக்கம். நாலுவழிச் சாலையில் நடந்த விபத்தில் என் அண்ணனுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு வெளியே தெரிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் தொடைச் சதையை எடுத்துவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரத்தக் குழாய்களை இணைத்து மூடினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது மறுநாள் ராத்திரியைப் பற்றி.

ஒரு மணி வாக்கில் வைத்த சதை நீலம் பாய்ந்து வீங்கியது. விரலால் அழுத்தி எடுத்தால் உடனே நிறம் திரும்பியது. நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். உள்ளே போன ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கினாலும் அப்படித்தான் திரும்பும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்நேரமே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து அடைப்பை எடுத்திருக்க வேண்டும். முதல் மூன்று நாள்தான் கண்டம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பயப்படாதீய, காலைல பெரிய டாக்டர் வந்துருவாவ. அதுவரைக்கும் ஓசோன் குடுத்தா சதை புடிச்சுக்கிடும்" என்றார்கள் ஆஸ்பத்திரி ஆட்கள். பீடி சுற்றிச் சேர்த்து வாங்கிய கம்மலை அம்மா முந்தின நாளே அடகு வைத்திருந்தாள். அதில் மிச்சம் இருந்ததைக் கவுண்டரில் கட்டினோம். அண்ணனின் காலைப் பிளாஸ்டிக் பையில் நுழைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டி, குழாய் வழியே ஓசோன் வாயுவை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பைக்கு உள்ளே ஆவி படிந்து மங்கிவிட்டது. "ஏல தம்பி, சூடா இருக்கா, தொட்டுப் பாரு" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் எங்கே தொட? மணிக்கொரு தடவை பார்க்க வேண்டிய நிறத்தையும் சூட்டையும் அந்தப் பையே மறைத்துவிட்டது. டாக்டர் வரும்போது மணி ஏழு. மூன்றில் இரண்டு பங்கு சதை செத்துப்போயிருந்தது.

ஐயா, ஓசோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலியின் முதுகுத் தோலில் செய்த ஆய்வுகளில் சதை சாவது குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் மனிதரிடம் போதுமான சோதனை நடக்கவில்லை. ஓசோன் நச்சு வாயு, அதற்கு அறியப்பட்ட மருத்துவப் பயன் கிடையாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதியே சொல்கிறது. பயன் உண்டு என்று நம்புகிறவர்கள் மருத்துவக் கல்லூரியில் முறையாகப் பதிவு செய்து, நோயாளியிடம் காசு வாங்காமல் சோதிக்கட்டும். அதுவரை இதைக் காசுக்கு விற்க விடாதீர்கள்.

கையெழுத்து வாங்கிய தாள் முழுக்க இங்கிலீஷ். ஓசோன் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. ரசீதிலும் தொகை மட்டும்தான். ஏழு மணி வரைக்கும் ஒரு சர்ஜனுக்குப் போன் போட முடியாத இடத்தில் நடு ராத்திரி கவுண்டர் மட்டும் எப்படித் திறந்திருக்கிறது? யோசிக்க யோசிக்க வயிறு எரிகிறது.

கோபத்தில் எழுதியது அதிகமாக இருந்தால் மன்னியுங்கள். தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்வதும் ஆய்வு செய்வதும் உங்கள் அலுவலகம் என்பதால் உங்களிடம் வருகிறேன். சோதித்து முடிவு தெரியும்வரை ஓசோனுக்குக் காசு வாங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சதை நிறம் மாறினால் எந்நேரமானாலும் சர்ஜனைக் கூப்பிட வேண்டும் என்று அதே தாளில் எழுதுங்கள். வார்டுச் சுவரில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். தயவுசெய்து செய்யுங்கள் ஐயா.

இப்படிக்கு,
அந்த ராத்திரி பக்கத்தில் இருந்த தம்பி