டாக்டரிடம் சொல்லாத கேப்ஸ்யூல்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றே இரண்டு முறை படித்தேன், நேற்று இரவு மறுபடி எடுத்துப் படித்தேன். உன் கையெழுத்து பழையபடி நிமிர்ந்து நிற்கிறது. போன வருடம் நீ எழுதிய நாலு வரிக் கடிதத்தில் எழுத்தெல்லாம் கீழே சரிந்துகொண்டே போயிருந்தது. உனக்கு என்னவோ சரியில்லை என்று எனக்கு முதலில் பட்டது அதைப் பார்த்துத்தான். இப்போது தூக்கம் வருகிறது, காலையில் எழுந்து குளிக்க முடிகிறது, பேத்தியோடு விளையாட முடிகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கே எல்லாரும் நலம். சின்னவள் வேலை மாறிவிட்டாள், முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. அவருக்கு முட்டி வலி தேவலை. நான் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அந்த நடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் உனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் நாத்தனார் ஒரு பாட்டில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறாள். மனச்சோர்வுக்கு நீ சாப்பிடும் மிர்டாசபின் மாத்திரையால் எடை கூடுகிறது, காலையில் பத்து மணி வரை மந்தமாக இருக்கிறது. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா, இயற்கையானதுதானே என்று கேட்கிறாய். அப்புறம் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "டாக்டரிடம் சொன்னால் திட்டுவார், அதனால் சொல்லப்போவதில்லை." என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வரிதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு நடந்ததை உன்னிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை. அம்மா போன பிறகு எனக்கு வந்தது துக்கத்தோடு நிற்கவில்லை. மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ஏழு மாதத்தில் தேறினேன். தேறியதும் இனி எதற்கு மாத்திரை என்று யாரையும் கேட்காமல் ஒரு நாள் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாலே தலைக்குள் மின்சாரம் வெட்டியது போல ஓர் அதிர்வு. தலைசுற்றல், எதற்கெடுத்தாலும் எரிச்சல், விடிய விடியக் கெட்ட கனவு. நோய்தான் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் பலருக்கு இப்படி ஆகும், அது நோய் திரும்பியதாக இருக்க வேண்டியதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. பயத்தில் பழைய மாத்திரையையும் ஆரம்பித்தேன், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த இதே கேப்ஸ்யூலையும் சேர்த்து விழுங்கினேன். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் சீக்கிரம் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுப்போக்கு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. ராத்திரி அவசர சிகிச்சைக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டர், "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். "வேறு எதுவும் இல்லை" என்றேன். நான் பொய் சொல்லவில்லை வசந்தா. பாட்டில் என் கைப்பையிலேயே இருந்தது. அது மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவள்தான் பையைத் திறந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது.

செரடோனின் என்ற ரசாயனம் மூளையில் செய்தி கடத்துகிறது. நான் சாப்பிட்ட மாத்திரை அதைக் கூட்டுகிறது, அந்தச் செடியும் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் அளவு மீறிவிடலாம். அதற்கு செரடோனின் சிண்ட்ரோம் என்று பெயர். முற்றினால் காய்ச்சலும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, இரண்டையும் நிறுத்தியதும் ஒரு நாளில் நடுக்கம் அடங்கியது.

அதனால் அந்தச் செடியில் சரக்கே இல்லை என்று நினைத்துவிடாதே. உண்மையில் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அது மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சின்னச் செடி. செயின்ட் ஜான், அதாவது யோவான் ஸ்நானகரின் திருநாளான ஜூன் 24-ஐ ஒட்டிப் பூப்பதால் ஐரோப்பாவில் அந்தப் பெயர் வந்தது. ஜெர்மனியில் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். 2008-இல் 29 ஆய்வுகளை, ஏறக்குறைய 5,500 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேல், வழக்கமான மருந்துகளுக்குச் சமமாக வேலை செய்கிறது, பக்க விளைவும் குறைவு என்று வந்தது. ஆனால் ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில்தான் பலன் தூக்கலாகத் தெரிந்தது. 2002-இல் அமெரிக்காவில் 340 பேரிடம் செய்த ஆய்வில் அது வெறும் மாத்திரையை முந்தவில்லை. அதே ஆய்வில் செர்ட்ராலினும் முக்கிய அளவுகோல்களில் முந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், அதை மறைத்தால் நியாயமில்லை. லேசான, நடுத்தரமான சோர்வுக்கு அது உதவலாம் என்பதுதான் நான் படித்துப் புரிந்துகொண்டது. நீ போன வருடம் இருந்த நிலை லேசானது இல்லை.

வேலை செய்யும் பொருள் என்றால் அது மருந்துதான். செடியில் விளைந்தாலும் ஆலையில் செய்தாலும் கல்லீரல் வழியாகத்தான் போயாக வேண்டும். உன் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் அங்கேதான். அந்தச் செடியில் ஹைப்பர்ஃபோரின் என்று ஒன்று இருக்கிறது. மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை அது முடுக்கிவிடும். அப்போது நீ சாப்பிடும் மற்ற மருந்துகள் வேலை செய்வதற்குள்ளேயே கரைந்து போய்விடலாம். சூரிக் நகரத்தில் இதய மாற்று அறுவை முடிந்து நன்றாக இருந்த இரண்டு பேர் இந்தச் செடியைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். புது இதயத்தை உடம்பு ஏற்பதற்காகக் கொடுத்திருந்த சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் குறைந்துபோய், உடம்பு அந்த இதயத்தை எதிர்க்க ஆரம்பித்துவிட்டது. 2000-இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது. இந்தச் செடியோடு சேர்ந்தால் கருத்தடை மாத்திரை பலன் தராமல் போவதும் இதே காரணத்தால்தான்.

நீ இதய வால்வு அறுவைக்குப் பிறகு வார்ஃபரின் சாப்பிடுகிறாய். இப்படிப் பலன் குறையும் மருந்துகளில் வார்ஃபரினும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு முறையும் பரிசோதித்து அளவை எவ்வளவு கவனமாகச் சரி செய்கிறார்கள்! இந்தக் கேப்ஸ்யூல் அதைக் குலைத்துவிட்டால் வால்வில் ரத்தக் கட்டி வரலாம், பக்கவாதம் வரலாம். கேப்ஸ்யூலை நிறுத்தினாலும் அந்த நொதிகள் அடங்க இரண்டு வாரம் போல ஆகும். உன் நாத்தனார் அன்போடுதான் கொடுத்திருப்பாள், எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பாட்டிலைத் திறக்காதே. ஏற்கனவே திறந்து சாப்பிட்டிருந்தால் நீயாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வார்ஃபரின் அளவு எதிர்ப்பக்கம் ஏறும். அன்றைக்கே போன் செய்து கேள், ரத்தப் பரிசோதனை சொல்வார்கள்.

மற்றவற்றையும் கேட்டிருந்தாய். மீன் எண்ணெயில் ஈபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அதிகமுள்ள வகை, மருந்தோடு சேர்த்து எடுத்தால் சிலருக்குக் கொஞ்சம் பலன் தருகிறது, பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஈடுகட்ட வேண்டியதுதான். ஆனால் மனச்சோர்வு வராமல் அது தடுக்குமா என்று 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. குங்குமப்பூச் சாறு நாளுக்கு 30 மில்லிகிராம் கொடுத்த சின்னச் சின்ன ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, பெரும்பாலும் ஈரானில் ஆறு முதல் எட்டு வாரம் நடந்தவை. அமுக்கரா மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகப் பதிவாகியிருக்கிறது, தைராய்டையும் அது தொடும். 5-ஹெச்டிபி செரடோனினின் மூலப்பொருள், நான் பட்ட பாட்டுக்குப் பிறகு அதன் பக்கமே போகமாட்டேன். சாமி (SAMe) என்று ஒரு சப்ளிமென்ட் விற்கிறார்கள். இருதுருவ நோய் (பைபோலார்) இருப்பவர்களை அது வெறி நிலைக்குத் தள்ளிவிடலாம்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதே தனிக் கவலை. அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி சப்ளிமென்ட் விற்பவர், விற்கும் முன்னால் அது வேலை செய்கிறது என்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டிலுக்கும் இன்னொரு பாட்டிலுக்கும் சரக்கின் அளவு மாறும். 1989-இல் தூக்கத்துக்காகவும் மனசுக்காகவும் எல்-ட்ரிப்டோஃபான் என்ற சப்ளிமென்ட் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாங்க முடியாத தசைவலியோடு ஒரு நோய் வந்தது, பலர் இறந்தும் போனார்கள். ஒரே ஆலையில் தயாரான சரக்கில் கலந்திருந்த அசுத்தம்தான் காரணம் என்று பெரும்பாலும் கருதப்பட்டது. வாங்கியவர்கள் எல்லாரும் இயற்கையான பொருள் என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்கள்.

ஆனால் மந்தமும் எடையும் பொய்யில்லை. மிர்டாசபினில் இரண்டும் அடிக்கடி வருவதுதான், நீ சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. இதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவையோ சாப்பிடும் நேரத்தையோ மாற்றலாம், வேறு மருந்துக்கு மாறலாம். 2018-இல் 21 மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் எல்லாமே வெறும் மாத்திரையைவிட மேல் என்றுதான் வந்தது. ஆக உனக்கு இது ஒன்றுதான் வழி என்றில்லை. நிறுத்துவதாக இருந்தாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். தைராய்டும் பி12-உம் பார்த்தார்களா என்றும் கேள். அவை குறைந்தாலும் இதே சோர்வும் மந்தமும் வரும்.

என் டாக்டர் என்னைத் திட்டவில்லை. அடுத்த முறை போனபோது, "என்னிடம் சொல்ல முடியாதபடி நான் எங்கே நடந்துகொண்டேன்?" என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஹாஸ்டலில் நீ குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாய், நினைவிருக்கிறதா? வெளியே நின்று எத்தனை ராத்திரி அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்கு அதே சத்தம் கேட்டது.

நடையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 1999-இல் ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று பிரிவாக்கி, பதினாறு வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின், மூன்றாவதற்கு இரண்டும். மருந்து சீக்கிரம் வேலை செய்தது, ஆனால் முடிவில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள்தான் பயிற்சி. இயற்கையாக ஏதாவது வேண்டும் என்றால் எனக்கு நம்பிக்கை உள்ளது இதில்தான். மருந்தைக் குறைத்த மாதங்களில் என்னைத் தாங்கியதும் இதுதான். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று உன் இதய டாக்டரிடம் மட்டும் கேட்டுக்கொள்.

இன்னொன்று நேராகவே கேட்கிறேன். போன வருடம் "நாளைக்கு எழுந்திருக்காமல் போனால் நல்லது" என்று எழுதினாயே, அந்த நினைப்பு இப்போது வருகிறதா? ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு, எனக்கும் போன் செய். ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, போன் தலைமாட்டில்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை உனக்கு டாக்டரிடம் நேரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வார்ஃபரின், மிர்டாசபின், நாத்தனார் கொடுத்த பாட்டில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ, மேஜைமேல் வை. வாய் வராவிட்டால் பாட்டிலே பேசட்டும். அவர் என்ன சொன்னார் என்று அன்று மாலையே சொல், நான் காத்துக்கொண்டிருப்பேன். பேத்தி படம் ஒன்றும் அனுப்பு, பல் முளைத்துவிட்டதா?

அன்புடன்,
உன் சுமதி