காற்றடிக்கும் முன் எடையைக் கேளுங்கள், அண்ணே

கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணன்மாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன் ஃபிட்டர். சொந்த ஊர் ராயக்கோட்டைக்குப் பக்கம். பஞ்சர் ஒட்டவும், ரிம் கோட்டம் எடுக்கவும், காட்டர் பின்னை நசுக்காமல் தட்டிக் கழற்றவும் உங்களில் ஒருவருடைய கடையில்தான் பழகினேன். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை முதல் வாரமே பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் சாக்குப் பையில் அள்ளிக்கொண்டு வந்தவனைத் திட்டாமல் உட்கார வைத்த கடை அது. அதனால் உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். உங்கள் கைப்பழக்கத்தை மதிக்கிறவன்தான். ஆனால் அந்தக் கைப்பழக்கமே ஆபத்தாகிற ஒரு வண்டி இப்போது கடை வாசலுக்கு வருகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பெங்களூரில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டி, அலுத்துப்போய்ப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கைச் சொல்கிறேன். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தானே, போய்ப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறோம். நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். முன்சக்கரத்துக்கு ஏர் ஃபோர்க், பின்சக்கரத்துக்காக நடுவில் ஏர் ஷாக் (இரண்டிலும் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த காற்றுதான் குலுக்கலைத் தாங்குகிறது), இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பார்த்தவுடன் பையன்கள் ஓட்டும் டபுள் ஷாக் சைக்கிளின் பெரியண்ணன் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தச் சைக்கிளில் இருப்பது சுருள் ஸ்பிரிங். யார் ஏறினாலும் அதே ஸ்பிரிங்தான். இதுவோ அளவெடுத்துத் தைத்த சட்டை. பழைய முதலாளி 90 கிலோ, புது முதலாளி 60 கிலோ என்றால், அப்படியே போட்டுக்கொள்ள முடியாது.

முதலில் என் கதை. வாங்கிய இரண்டாவது மாதம் செயின் தேய்ந்துவிட்டது. ஒரு கடையில் புதுச் செயின் போட்டோம். எந்தக் கடை என்பது வேண்டாம், அவர் நல்ல மனிதர். செயின் தொங்குகிறதே என்று இரண்டு கண்ணி வெட்டி, விறைப்பாக அழகாகப் பூட்டிக் கொடுத்தார். கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்தேன், கியர் எல்லாம் சரியாக விழுந்தது. மறுநாள் கல்குவாரிப் பக்கம் ஒரு வண்டிப்பாதையில், பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது ஒரு பள்ளத்தில் இறங்கினேன். ஷாக் முழுதாக அமுங்கியது. அப்புறம் ஒரு சத்தம், நான் தரையில். பின்னால் செயினைத் தள்ளிக் கியர் மாற்றுகிற டிரெய்லர், அதைத் தாங்கும் ஹேங்கரோடு பிய்ந்து ஸ்போக்கில் சிக்கிக் கிடந்தது. முழங்கையில் ஆறு தையல்.

காரணம் பிறகுதான் விளங்கியது. பெரும்பாலான ஃபுல் சஸ்பென்ஷன் பைக்குகளில் ஷாக் அமுங்க அமுங்க, பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே தூரம் கூடுகிறது. சும்மா நிற்கும்போது அளவாக இருக்கிற செயின், அமுங்கும்போது போதாது. இந்த வண்டிக்குச் செயின் வெட்டுவதென்றால் ஷாக்கின் காற்றை மெதுவாக இறக்கி, பின்பக்கத்தை முழுதாக அமுக்கி வைத்து, பெரிய பல்லில் சுற்றிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். தொங்குகிற செயினை டிரெய்லர் இழுத்துக்கொள்ளும், அது அதன் வேலை. குற்றத்தில் பாதி என்னுடையது. அவர் வெட்டும்போது நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இனி காற்று. என் வண்டியில் பின்சக்கரம் 130 மி.மீ. மேலே போக, ஷாக் 50 மி.மீ. மட்டும் அமுங்குகிறது. அதாவது நெம்புகோல் கணக்கில் சக்கரத்தில் விழுகிற பாரம் ஷாக்குக்கு இரண்டரை மடங்காகப் போகிறது. அதனால்தான் ஒரு டம்ளர் காற்றுகூடப் பிடிக்காத அந்தச் சின்னக் குழாய்க்குள் 150, 200 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றை அடைக்க வேண்டியிருக்கிறது. இதில் தயவுசெய்து கம்ப்ரசர் ஓஸை வைக்காதீர்கள். ஒரு அமுக்கில் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. இதற்கென்று கையளவில் ஷாக் பம்ப் விற்கிறது. மீட்டரோடு, 300 பி.எஸ்.ஐ. வரை ஏற்றும், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவும் முடியும்.

காற்றடிக்கும் முன் ஓட்டுகிறவரின் எடையைக் கேளுங்கள். வெட்கப்பட்டால் கடை வாசலிலேயே அளந்துவிடலாம். அவரை ஹெல்மெட், தண்ணீர், பையோடு ஏறச் சொல்லி, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சீலை ஒட்டித் தள்ளிவிடுங்கள். குதிக்காமல் உட்கார்ந்து, அப்படியே மெல்ல இறங்கச் சொல்லுங்கள். வளையம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் அவர் எடைக்கு வண்டி தணிகிற அளவு, சேக் என்பார்கள். பின்னால் ஷாக் அமுங்குகிற நீளத்தில் கால் பாகத்திலிருந்து 30 சதவீதம் வரை: 50 மி.மீ. அமுங்குகிற ஷாக் என்றால் 12 முதல் 15 மி.மீ. முன் ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதம். அதிகம் தணிந்தால் காற்று ஏற்றுங்கள், தணியவே இல்லை என்றால் இறக்குங்கள். ஏற்றிய ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பத்துத் தடவை அமுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். உள்ளே எதிர்ப்பக்கம் இன்னொரு சின்ன அறை இருக்கிறது. அமுக்கினால்தான் காற்று இரண்டுக்கும் சமமாகப் பிரியும். அமுக்காமல் பார்த்தால் மீட்டர் காட்டுவது பொய்க்கணக்கு.

அந்தச் சின்ன அறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காற்றைச் சட்டென்று இறக்கினால் சில ஷாக்குகள் அமுங்கியபடியே நின்றுவிடும், இழுத்தாலும் வராது. காற்று இல்லாததால் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கழற்றப் போகாதீர்கள். உள்ளே எதிர்ப்பக்க அறையில் காற்று முழு அழுத்தத்தில் இருக்கிறது. மூடி கழன்றால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். சில ஷாக்குகளில் நைட்ரஜன் அடைத்த அறை தனியாக உண்டு, அதையும் தொட வேண்டாம். ‘இது நம்ம வேலை இல்லைங்க, பெங்களூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்க’ என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நாங்கள் கம்பெனியில் அப்படிச் சொல்லித்தான் விரல்களோடு இருக்கிறோம்.

ஷாக்கில் சிவப்புத் திருகு ஒன்று இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் முயல் படம். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதற்கு அது. அலங்காரம் என்று நினைத்துப் பிள்ளைகள் திருகி விளையாடுவார்கள். முயல் பக்கம் முழுதாகப் போய்விட்டால், பாறையிலிருந்து இறங்கும்போது சீட் ஓட்டுகிறவரைத் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேலே எறியும். ஆமை பக்கம் முழுதாகப் போனால், அடுத்தடுத்து வரும் குழிகளில் எழவே நேரமில்லாமல் அமுங்கியபடியே போகும். நடைபாதைத் திண்டிலிருந்து உட்கார்ந்தபடி இறக்கிப் பாருங்கள். ஒரு தடவை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஆமை பக்கம் ஒரு கிளிக்.

அடுத்தது எங்கள் பிழைப்பான விஷயம், டார்க், அதாவது ஒரு போல்ட்டை எவ்வளவு பலத்தில் முடுக்க வேண்டும் என்கிற அளவு. லைனில் ஒரு போல்ட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்கினால் சூப்பர்வைசர் சட்டையைப் பிடிப்பார். ‘எவ்வளவு டைட் பண்ணணும்னு கையே சொல்லும்’ என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லும்தான், இரும்பு வண்டிக்கு. இது அலுமினியம், சிலது கார்பன். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் சின்னப் போல்ட்டுகளின் பக்கத்திலேயே 5 நியூட்டன் மீட்டர் என்பது போல அச்சடித்திருப்பார்கள். ரொம்பக் குறைந்த பலம் அது. அதற்கு மேல் போனால் மரை போகும், கார்பன் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் விரியும், என்றைக்கோ ஒரு இறக்கத்தில் கையோடு வரும். பின்பக்கக் கைகள் மடங்குகிற இடத்துப் பிவட் போல்ட்டுகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு அளவு வைத்திருக்கிறது. வண்டிக்காரரிடமே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் போல்ட் மரையில் நீல நிறப் பசை காய்ந்து கிடந்தால் அழுக்கென்று சுரண்டிவிட்டு அப்படியே பூட்டாதீர்கள். அது கழலாமல் இருக்கப் போட்டது, மறுபடி போட வேண்டும்.

பிவட் ஆடுகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். டக் என்று கைக்குத் தட்டினால் ஷாக் மாட்டியிருக்கும் இடத்துப் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும். பெரும்பாலும் புஷ்தான், விலையும் குறைவு. ஓவராயிலுக்கு வண்டி வந்தால் கையோடு பெடல் அச்சைச் சுற்றியும் வெல்டிங் ஓரங்களிலும் துணியால் துடைத்து முடிக்கோடு மாதிரி ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் ஆர்கான் வெல்டிங் வைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சுவார்கள். நம் ஊரில் ஆர்கான் கைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், ஒட்டியது தெரியாமல் ஒட்டுவார்கள். ஆனால் ஃபிரேம் அலுமினியம் சூட்டில் பதப்படுத்தி உறுதி ஏற்றியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டிய இடம் நிற்கும், அதற்குப் பக்கத்தில் முறியும்.

பிரேக்கில் மூன்று சின்ன விஷயம், மூன்றும் நானே பார்த்தது. ஒன்று, பஞ்சர் பார்க்க வண்டியைத் தலைகீழாக நிறுத்துகிறோம். ஹைட்ராலிக் பிரேக்கில் லீவர் பக்கம் தங்கியிருக்கும் காற்று குழாய்க்குள் போய்விடலாம். நிமிர்த்திய பிறகு லீவரை நாலைந்து தடவை அமுக்கி, இறுக்கம் வந்த பிறகு கொடுங்கள். சக்கரம் கழன்றிருக்கும்போது மட்டும் அமுக்கவே கூடாது. பிரேக் கட்டை இரண்டும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. நடுவில் ஒரு மடித்த அட்டையை வைத்துவிட்டால் தொல்லையில்லை. இரண்டாவது, ஆயில் குறைந்தால் பக்கத்து டூவீலர் கடையில் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றுவது. டூவீலருக்கு டாட் ஆயில். ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிப்போகும், பிரேக் பிடிக்காது. எது என்று லீவரிலோ மூடியிலோ எழுதியிருக்கும். மூன்றாவது, கீச்சிடுகிறது என்று டிஸ்க்கில் எண்ணெய் ஸ்பிரே அடிப்பது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்குகிற மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் குடித்த பிரேக் கட்டையைத் தூக்கிப் போடுவதுதான் ஒரே வழி.

வாட்டர் சர்வீஸும் வேண்டாம். கல்குவாரித் தூசி ஏற்கெனவே உப்புத்தாள் மாதிரி, அதைப் பிரஷர் தண்ணீர் ஃபோர்க் சீலுக்குள்ளும் பிவட் பேரிங்குக்குள்ளும் தள்ளிவிடும். வாளித் தண்ணீர், சோப்பு, பழைய துணி போதும். ஃபோர்க்கின் கீழ்க்கால் ஆயிலை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். நம் பக்கத்துத் தூசிக்கு நான் அதற்கும் முன்பே மாற்றுகிறேன்.

இவ்வளவுக்கும் கருவி வேண்டும், கருவிக்குக் காசு வேண்டும். ஷாக் பம்ப் ஒன்று, சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று, சில ஆயிரம் ரூபாய் ஆகும். பஞ்சருக்கு வாங்குகிற காசில் இது கட்டாது, தெரியும். ஆகவே ஒரு கடைத்தெருவுக்கு ஒரு செட் என்று நாலைந்து கடைகள் சேர்ந்து வாங்கலாம். கூலியையும் தயங்காமல் கேளுங்கள். லட்ச ரூபாய் வண்டியில் வந்து ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள் நாங்கள்தான், நானும் பேசியிருக்கிறேன். ஷாக் அளவு வைத்துக் கொடுக்க அரை மணி நேரம் ஆகிறது என்றால் அரை மணி நேரக் கூலியைச் சொல்லுங்கள். கொடுக்காதவனுக்கு அவன் வண்டியைத் தொடாமல் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. டூவீலருக்கு ஆயில் மாற்றினால் அடுத்த தேதி எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதை மாதிரி ஃபிரேமின் அடிப்பக்கத்தில் எடை, பின் பி.எஸ்.ஐ., முன் பி.எஸ்.ஐ., தேதி என்று நாலு வரி எழுதி ஒட்டுங்கள். வண்டி கை மாறினாலும், வேறு கடைக்குப் போனாலும், அடுத்த மெக்கானிக் அதைப் பார்த்து ‘இந்த எடை யாருடையது?’ என்று கேட்பார்.

ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் பம்ப்பும் ரெஞ்சும் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கும். வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போய் மாலையில் கொடுத்தால் போதும். அடுத்த வாரம் நானே பின் பிவட் பேரிங் மாற்ற ஒருவர் கடைக்கு வருகிறேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: பையோடு 74 கிலோ.

இப்படிக்கு,
ராயக்கோட்டைப் பக்கத்து ஃபிட்டர் ஒருவன்