மூதூரும் ரைட்டரும்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. ஒலி விதிகள் வரிசையாக வேலை செய்கின்றனவா, இல்லை எல்லாம் ஒரே நேரத்திலா என்று உங்கள் வகுப்பில் இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள் என்றாய். போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் திண்ணையில் உட்கார்ந்து நீ 'மூதூர்' பிரித்தது ஞாபகம் இருக்கிறதா? முதுமை + ஊர். ஈறு போதல்: முது + ஊர். ஆதி நீடல்: மூது + ஊர். உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்: மூத் + ஊர். உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே: மூதூர்.

அந்த நடுப்படியைக் கொஞ்சம் உற்றுப் பார். 'முது'வில் உகரம் தனிக்குறிலை அடுத்து நிற்கிறது, அது முற்றியலுகரம். முதலெழுத்து நீண்டு 'மூது' ஆனதும் அதே உகரம் குற்றியலுகரமாகிவிடுகிறது. அப்புறம்தான் மெய்யை விட்டு ஓடுகிறது. முதலிலேயே ஓடியிருந்தால் 'முத்' என்று நின்று, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டி 'முத்தூர்' ஆகியிருக்கும். நன்னூல் 136ஆம் சூத்திரம் ஈறு போதல், ஆதி நீடல் முதலிய ஏழையும் ஒன்றாகத்தான் அடுக்குகிறது. ஆனால் ஒரு விதி அடுத்த விதிக்கு வழி திறந்துவிடுகிறது பார், அங்கேதான் வரிசை பிறக்கிறது.

இனி உன் டொராண்டோவுக்கு வருகிறேன். அங்கே பலர் 'ரைட்டர்' (writer), 'ரைடர்' (rider) இரண்டிலும் நடு மெய்யை நாக்கைச் சட்டென்று தட்டி ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஆனாலும் 'ரைட்டர்' என்பதில் உயிர் மட்டும் சற்று மேலே எழும்பி ஒலிக்கிறது. வல்லொலிக்கு முன்னால்தான் உயிர் அப்படி எழும்பும்; ஆனால் எழும்பச் செய்த அந்த வல்லொலி, writer-இன் t, காதில் விழுவதே இல்லை! உயிர் முதலில் மாறியது, மெய் பிறகு மெலிந்தது என்றால் கணக்குச் சரியாகிறது. 1942இல் மார்ட்டின் ஜோஸ் என்ற மொழியியலாளர் கனடாவில் இரண்டு விதமான பேச்சு இருப்பதாக எழுதினார். ஒன்றில் இந்த உயிர் வேறுபாடு உண்டு, மற்றதில் இல்லை. விதிகள் அவைதாம், வரிசைதான் மாறியிருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். மொழியியலாளர்கள் சாம்ஸ்கியும் ஹாலியும் ஆங்கில ஒலிகளைப் பற்றி 1968இல் எழுதிய பெரிய நூலே வரிசைப்படுத்திய விதிகள்மேல் நிற்பதுதான். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி, தம் நூலின் கடைசி மூன்று பாதங்களில் உள்ள விதிகளை முந்தையவற்றின் கண்ணில் படாதபடி வைத்துவிட்டார்.

உன் பேராசிரியர் சொல்லும் உகப்புக் கோட்பாடு (Optimality Theory), 1993இல் பிரின்ஸும் ஸ்மொலென்ஸ்கியும் கொண்டுவந்தது, படிகளையே எடுத்துவிடுகிறது. வரக்கூடிய வடிவங்களை எல்லாம் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழாக அடுக்கிய கட்டுப்பாடுகளால் சலிக்கிறது. அழகான யோசனை, மறுக்கவில்லை. 'மூதூர்' அதற்குச் சிரமமே இல்லை. இறுதி வடிவத்திலேயே எல்லாக் காரணமும் தெரிகிறது. 'ரைட்டர்'தான் அதைத் திணற வைக்கும், காரணம் மறைந்துபோய் விளைவு மட்டும் மிச்சமிருப்பதால். கட்டுரையை அங்கிருந்து தொடங்கம்மா.

அந்த ஊர்ச் சிநேகிதி யாரையாவது இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பு. என் காதால் கேட்க வேண்டும். அம்மா பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா