தூத்துக்குடி உணவு நடைக்கு ஊர்க்காரரே வழிகாட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியில் உணவு நடை நடக்க வேண்டும், அதை ஊர்க்காரர்களை வைத்தே நடத்த வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உணவு நடை என்றால் வேறொன்றும் இல்லை. வழிகாட்டி ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பழைய தெருக்களில் நடப்பார், கடை கடையாக நிறுத்தி இது என்ன பண்டம், எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லி ருசி பார்க்க வைப்பார். புதுச்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் இப்படி நடக்கிறது. நம் பக்கத்தில் இதற்குத் தூத்துக்குடியைவிடத் தோதான ஊர் கிடையாது. ஆனால் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் நெல்லையப்பர் கோவிலைப் பார்த்து, அல்வா வாங்கி, குற்றாலத்தில் குளித்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். ஐம்பது கிலோமீட்டரில் கடல் இருக்கிறது, அந்தக் கடற்கரையில் நானூறு ஐந்நூறு வருஷத்துச் சரித்திரம் சாப்பாட்டிலேயே கிடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

1986-இல் தனி மாவட்டம் ஆகும்வரை தூத்துக்குடியும் எங்கள் திருநெல்வேலி மாவட்டம்தான். இன்றைக்கும் கொடுப்பதும் எடுப்பதும், வேலைக்குப் போவதும் வருவதும் இரண்டு ஊருக்கும் இடையே ஓய்ந்தபாடில்லை. அந்த உரிமையில்தான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு சமீபத்தில் அப்படி ஒரு நடைக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்து நடத்துகிற குழு. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். தூத்துக்குடியில் காலை பத்து மணிக்கு என்ன இருக்கும்? மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள், பரோட்டாக் கடைகள் பூட்டிக் கிடக்கும், உப்பளத்தில் இருட்டோடு வேலைக்கு இறங்கியவர்கள் வெயில் ஏறுவதைப் பார்த்துக் கரையேறத் தொடங்கியிருப்பார்கள். வழிகாட்டியாக வந்த தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு ஊர் தெரியாது, அதுதான் விஷயம். தூத்துக்குடிக்குப் பேர்போன பேக்கரி இனிப்பான மக்ரூனில் தேங்காய்த்துருவல் போடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். பனிமய மாதா கோவில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், அதோடு சரி. மத்தியானம் ஏசி ஓட்டல் ஒன்றில் உட்காரவைத்து நாணும் பன்னீர் பட்டர் மசாலாவும் போட்டார்கள். அதைச் சாப்பிடவா சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது? தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய பணத்தில் தெருவில் கடை போட்டிருக்கிற ஊர்க்காரர்கள் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மக்ரூனையே எடுத்துக்கொள்வோம். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, மூன்றே சாமான். தேங்காய்க்கு அதில் இடமே இல்லை. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்கிற பண்டம் இது, இங்கே வந்ததும் பாதாமுக்குப் பதில் முந்திரி சேர்ந்துகொண்டது. போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அந்த முந்திரி மரமும் பிரேசிலிலிருந்து அவர்கள் கொண்டுவந்து நட்டதுதான். ஒரு பேக்கரியின் பின்கட்டில் நின்று மக்ரூன் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள்கரு ஒரு சொட்டுக்கூட விழுந்துவிடாமல் வெள்ளையை மட்டும் பிரித்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்புறம் பொடித்த முந்திரியைத் தூவி, நுரை அமுங்கிவிடாமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டுகிறார்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பித் தட்டின்மேல் பிழிந்து, கையை வெடுக்கென்று மேலே இழுக்கிறபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு கூர்முனை நிற்கிறது. பிழிகிறவர் கண் தட்டில் இருந்தாலும் பேச்சு எங்களோடுதான் இருந்தது, ஆனால் ஒரு முனைகூடச் சாயவில்லை. பிறகு குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடக்கவேண்டும், அவசரப்பட்டால் சிவந்துபோகும். வெளியே எடுத்ததும் காற்றுப் புகாமல் கட்டிவிடவேண்டும், கடல்காற்றின் ஈரம் பட்டால் நமுத்துவிடும். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒன்றை வாயில் போட்டால் அது கரைகிற விதமே வேறு. கடைக்குள்ளே ஐந்து நிமிஷம் நின்று பார்க்க அனுமதி கேட்டு வாங்க ஊர்க்காரரால்தான் முடியும், "அண்ணாச்சி, நம்ம ஆளுகதான், சும்மா பாத்துட்டுப் போயிருவாங்க" என்று அவர் சொன்னால் போதும்.

சரி, எப்படி நடத்தலாம்? முதல் காரியம், ஊர் நேரத்துக்கு நடத்தவேண்டும். விடியக்காலம் ஒரு நடை, பொழுது சாய்ந்து ஒரு நடை. இடைப்பட்ட வெயிலில் யாரும் நடக்கவேண்டாம்.

விடியக்கால நடையைத் தெரேஸ்புரம் கரையிலிருந்து தொடங்கலாம். நாட்டுப்படகு கரை சேருகிற நேரம், சீலா, பாறை, விளமீன், சாளை, கணவாய் எல்லாம் மணலில் குவித்துக் கிடக்கும். எது எந்தக் குழம்புக்கு ஆகும், எதைப் பொரிக்கவேண்டும், எதை அவித்துப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள் என்று அங்கே மீன் விற்கிற அக்காமாரைவிட யார் சொல்லிவிட முடியும்? அவர்களில் இரண்டு பேரை இதற்கென்றே சம்பளம் கொடுத்து வரச்சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் வருகிறவர்களிடம் பெரிய சீலா மீன் வறுவல் என்று ஆசைகாட்டிக் கூட்டிவரக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காகக் கடலுக்குக் கொடுத்திருக்கிற ஓய்வு இது என்று சொல்லி, நாட்டுப்படகில் கிடைத்ததையும் கருவாட்டையும் காட்டினால் வந்தவர்களுக்குக் கடலைப் பற்றியும் ஒன்று தெரியும். கருவாட்டிலும் மாசி என்று ஒன்று உண்டு. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல இறுகும்வரை காயவைத்தது. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்வது அது, தூத்துக்குடித் தோணிகள் அந்தத் தீவுகளுக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்த போக்குவரத்தில் இங்கேயும் அடுப்படிக்குள் வந்துவிட்டது. தேங்காய், மிளகாயோடு இடித்துச் சம்பலாக்கி ஒரு வாய் கொடுத்துவிட்டு, எதிரே நிற்கிற தோணியைக் காட்டினால் வேறு விளக்கமே வேண்டாம்.

உப்பளத்தை எந்த நடையிலும் விடக்கூடாது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில்தான் உப்பு அதிகம் விளைகிறது, அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கம். ஊரெல்லையில் பாத்தி பாத்தியாக நீர் நிற்பதையும், வெயிலில் அது வற்ற வற்ற அடியில் உப்புப் படிவதையும், அதைப் பலகையால் வாரி வரப்பில் அம்பாரமாகக் குவிப்பதையும் பார்க்கலாம். வாருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். காலில் உப்பு அரித்த புண்ணும், வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்ணுமாக இருக்கிறார்கள், வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்த வேலையும் கிடையாது. நாம் தின்கிற எதிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்த கடைக்கு நடக்கவேண்டும். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது.

சாயங்கால நடைக்குப் பனிமய மாதா கோவிலும் கடற்கரைச் சாலையும் சரியான இடம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், பரதவ மக்கள் கிறிஸ்தவர்கள் ஆனார்கள், மாதா சுரூபம், அதாவது சிலை, 1555-இல் மணிலாவிலிருந்து வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள், இப்போதிருக்கும் கோவில் 1713-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1658-இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், ஊரைப் பிடித்தார்கள், கிரேட் காட்டன் சாலையில் அவர்கள் 1750-இல் கட்டிய ஆலயம் இன்னும் நிற்கிறது. பிறகு வெள்ளைக்காரன் ஆட்சி, பஞ்சு ஏற்றுமதி, 1876-இல் ரயில், கொழும்புக்குக் கப்பல். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் துறைமுகத்தை நம்பித்தான். இதையெல்லாம் பள்ளிக்கூடப் பாடமாக ஒப்பிக்கவேண்டாம். கடலைப் பார்த்து நின்றுகொண்டு நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு, கையில் ஒரு பொட்டலம் மக்ரூனைக் கொடுத்தால் மனசில் நிற்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கடல் பக்கத்தில் இருந்தும் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்த ஊர் அது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து பாடுபட்டு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தார். ஊர் மக்கள் அவரை இன்றைக்கும் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துப் பேசுகிறார்கள். தூத்துக்குடிப் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறதும் எங்கள் ஆற்றுத் தண்ணீரில்தான், டீ போடுகிறதும் அதில்தான். வழிகாட்டி இதைச் சொல்லாமல் விட்டால் நடை முழுமையாகாது.

பரோட்டாவுக்கு வருகிறேன். இருட்டியபிறகு, நைட் கிளப் என்று பலகை மாட்டியிருக்கிற பரோட்டாக் கடைகளுக்குப் போகவேண்டும், அங்கே கூட்டம் நெரிகிற நேரத்தில்தான் பரோட்டா சூடாக விழும். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, வீசி, பின்னால் இருக்கிற ஆளின் சட்டைக்கட்டம் தெரிகிற அளவுக்கு மெலிதாக்கி, சுருட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக அமுக்கி, எண்ணெய் தேங்கி நிற்கிற கல்லில் போட்டு மொறுமொறுவென்று எடுக்கிறார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே "பொரிச்சதா, சாதாவா அண்ணாச்சி?" என்று கேட்பார். பொரிச்சதுதான் சொல்லவேண்டும். இலையில் விழுந்ததும் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, நடு ஊறியும் ஓரம் மொறுமொறுப்பாகவும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட்டுவிடவேண்டும். கதை பேசிக்கொண்டு ஆறவிட்டால் வந்ததற்குப் பலனில்லை. வழிகாட்டி பேச்சை முன்னாலேயே முடித்துவிட்டு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

சைவக்காரர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். உடன்குடிக் கருப்பட்டியும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியவை, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலேயே வாங்கிவிட்டது. எல்லாம் அந்த மாவட்டத்துச் சரக்கு. சீசனில் பதநீர், நுங்கு, பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு, எப்போதும் கருப்பட்டிக் காபி. தனி நடையே போடலாம்.

யார் நடத்துவது என்பதில்தான் மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் அக்கறை காட்டவேண்டும். தெரேஸ்புரத்துப் பிள்ளைகளும் உப்பளத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடி வெளியூர் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பேசத் தெரிந்த இருபது பேருக்குப் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை கொடுங்கள். ஊர்ப் பெரியவர்களையும் சரித்திரம் தெரிந்த ஆசிரியர்களையும் வைத்து வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். வாங்குகிற கட்டணத்தில் கடைக்காரர்களுக்கு எத்தனை பங்கு என்று எழுத்திலேயே இருக்கட்டும், கும்பலாக வந்து ஓசியில் ருசி பார்த்துவிட்டுப் போகிற வேலை கூடாது. ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, சின்னக் கடைகள் தாங்காது, தினமும் வருகிற வாடிக்கைக்காரர் வாசலில் காத்துக் கிடக்க நேரிடும். நடக்கிற பாதையில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும், இது இல்லாமல் யாரையும் கூட்டிவருவது நியாயமில்லை.

வெளியூர்க் குழுக்கள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் கூட்டிவரத் தெரிந்தவர்கள் அவர்கள், கூட்டிவரட்டும். ஆனால் தூத்துக்குடித் தெருவில் நடக்கும்போது முன்னால் நடக்கிறவர் தூத்துக்குடிக்காரராக இருக்கவேண்டும் என்று மாநகராட்சி ஒரு விதி போடலாம்.

பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடிகிறது. எத்தனையோ ஊர்களிலிருந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள், அந்தப் பதினொரு நாளும் ஊர் முழுக்கக் கடைவீதிதான். வரும் திருவிழாவுக்கு முன்னால் ஒரு விடியக்கால நடையும் ஒரு சாயங்கால நடையும் சோதனையாக நடத்திப் பார்க்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்து அதிகாரிகள் கண்ணில் படச் செய்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.