அன்னத்துக்கு எதிராக ஒரு கையெழுத்து

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு நீ போட்ட மெயிலுக்கு வைகாசியில் பதில் எழுதுகிறேன், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி?

எங்கள் மிச்சிகன் வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது என்றேனே, அதில் இரண்டு அன்னங்கள் குடித்தனம் நடத்துகின்றன. ஆரஞ்சு அலகு, அது நெற்றியோடு சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு புடைப்பு. ஆணுக்கு அது இன்னும் பெரிது. 'மியூட் ஸ்வான்' என்று பெயரே தவிர ஊமை இல்லை. சீறும், உறுமும். பறந்தால் இறக்கைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். 'அன்னநடை' பாடத்தன்று நீ வகுப்பில் தள்ளாடி நடந்து காட்டினாயே, இது கரையேறினால் அதே நடைதான்டி!

போன ஞாயிறு அகிலாவைப் படகில் கூட்டிப்போனேன். கூட்டுக்குக் கிட்டே போய்விட்டோம் போல. ஆண் அன்னம் இறக்கைகளை முதுகுக்கு மேல் கூடாரமாகத் தூக்கி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு காலாலும் தண்ணீரை உதைத்து உதைத்து வந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். அகிலா அலறிவிட்டாள். துடுப்பு வலித்துக் கரை சேர்வதற்குள் எனக்கும் கை நடுங்கிவிட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு தாளோடு வந்தார். ஏரிக்கரைக்காரர்கள் போதிய அளவு கையெழுத்துப் போட்டால் அன்னங்களை அகற்ற அனுமதி கேட்கலாமாம். அகற்றுவது என்றால் கொல்வதுதான். உடனே போட்டிருப்பேன், அவ்வளவு கோபம். இருந்தாலும் காரணம் கேட்டேன். இது இந்த மண்ணின் பறவையே இல்லை, ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. மிச்சிகனில் 1919இல் ஒரு ஜோடி. 2010இல் 15,000க்கு மேல். ஒவ்வொன்றும் நாளுக்கு மூன்றரைக் கிலோ வரை நீர்ச்செடி தின்னும், தின்பதைவிட அதிகமாகப் பிடுங்கியும் போடும். மீன்குஞ்சுக்கும் வாத்துக்கும் அந்தச் செடிதான் வீடும் சோறும். இந்த ஊர்ச் சொந்த அன்னம் கறுப்பு அலகு டிரம்பெட்டர். வேட்டையில் இங்கே அற்றே போனதை 1980களில் மறுபடி கொண்டுவந்து வளர்த்தார்கள். அதையும் இது கூடுகட்ட விடாமல் விரட்டுகிறது.

அவர் சொல்வது நியாயம், செல்வி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் நேற்றுக் காலை பார்த்தால் ஐந்து சாம்பல் நிறக் குஞ்சுகள். அதில் இரண்டு தாயின் முதுகில், இறக்கைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்திருந்தன. அகிலா ஜன்னலை விட்டு நகரவில்லை. தன்னைத் துரத்திய ஆணுக்கே பேர் வைத்துவிட்டாள்.

தாள் இன்னும் மேசைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்க வருவார். பதில் எழுதிக்கொண்டிருக்காதே, அதற்குள் ஒரு நாள் கூப்பிடு.

உன்
வசந்தி