உப்பு நாரத்தை போட்டுப் பழகிய அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஓமான் பக்கத்துக் காய்ந்த எலுமிச்சை மாதிரி டீக்கு ஆகட்டும் என்று நீங்கள் காயப்போட்ட எலுமிச்சையின் போட்டோ பார்த்தேன். தட்டில் இருக்கிற இருபது சொச்சம் எலுமிச்சையில் ஏழெட்டுப் பழத்தில் காம்படியைச் சுற்றி வெள்ளையாகப் படர்ந்து, நடுவே பாசிப்பச்சைப் பொடி தெரிகிறது. உப்புப் பூத்திருக்கிறதா, பூஞ்சையா என்று கேட்டிருந்தீர்கள். பூஞ்சைதான். உப்பாக இருந்தால் பளபளவென்று சின்னப் பரல்களாக இருக்கும், ஈர விரல் பட்டதும் கரையும், வாடை இருக்காது. பூஞ்சை மாவு மாதிரி துணியில் ஒட்டிக்கொண்டு வரும், மக்கிய வாடை அடிக்கும். அந்தப் பழங்களை முழுசாகக் குப்பையில் போட்டுவிடுங்கள். துடைத்து மறுபடி வெயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இவ்வளவு புளிப்பில் பூஞ்சை எப்படி வரும் என்றால், எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைப் பிடிக்கிற பச்சைப் பூஞ்சைக்கு அந்தப் புளிப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கெட்டதற்கு இரண்டு காரணம். ஒன்று, கார்த்திகை மாதத்துப் பெங்களூரு: பகலில் மூட்டம், ராத்திரி பனி. இன்னொன்று, நாரத்தங்காய் போட்டுப் பழகிய உங்கள் கை. நாரத்தையைச் சுருளாக அறுத்து, உப்பு அடைத்து, ஜாடியில் குலுக்கி வைத்து, அப்புறம்தான் வெயிலுக்குக் கொண்டுபோவோம். அங்கே காப்பாற்றுவது உப்பு. சதையெல்லாம் உப்பைக் குடித்திருப்பதால் நாலு நாள் வெயில் வராவிட்டாலும் தாங்கும். ஓமானிலும் ஈராக்கிலும் ஈரானிலும் புழங்குகிற காய்ந்த எலுமிச்சை அப்படி இல்லை. பழம் முழுசாகக் காயும், கீறலே இருக்காது, உள்ளே உப்பு போவதும் கிடையாது. கெடாமல் காப்பது தோலும் வறட்சியும்தான். நீங்கள் நாலு கீறு கீறியதில் தோலின் காவல் போயிற்று; நாரத்தைக்கு வைக்கிற அளவு உப்பும் வைக்கவில்லை. ரெண்டுங்கெட்டான் ஆகிவிட்டது. தேறுகிற பழங்களில் இன்னும் கொஞ்சம் கல் உப்பு சேர்த்து ஊறுகாயாக்கிவிடுங்கள். டீக்கு ஆகாது, கரிக்கும்.

அடுத்த முறை மாசி பிறந்ததும் ஆரம்பியுங்கள். மாசியும் பங்குனியும்தான் இந்த ஊரில் இதற்கு வாய்த்த மாதங்கள். மத்தியானக் காற்றில் ஈரம் வெகுவாகக் குறைந்திருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். சித்திரையில் வெயில் இன்னும் ஏறும்தான். ஆனால் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் கோடை மழை கொட்டும், எலுமிச்சை விலையும் எகிறிவிடும்.

பழம் வாங்குவதில் கொஞ்சம் மெனக்கெடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டில் விதையில்லாத பெரிய எலுமிச்சை என்று பளபளப்பாக வைத்திருப்பதை விடுங்கள். தோல் தடி, காய மாதம் ஆகும். நம் சாதாரண நாட்டு எலுமிச்சைதான் சரியான சாதி. வளைகுடாவில் காயவைப்பதும் இதே வகைச் சின்னப் பழத்தைத்தான். கே.ஆர். மார்க்கெட்டிலோ அல்சூர் மார்க்கெட்டிலோ குவியலில் நீங்களே பொறுக்குங்கள். ஒன்று 35 முதல் 40 கிராம், மெல்லிய தோல், பச்சை விட்டு மஞ்சள் ஏறுகிற பருவம், கையில் கெட்டியாக இருக்க வேண்டும். நன்றாகப் பழுத்தது வெந்நீரில் வெடிக்கும். காம்பு உதிர்ந்த குழி ஈரமாக இருந்தாலோ, தோலில் சொறி மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள்; பூஞ்சைக்கு அதுதான் வாசல். எல்லாம் ஒரே அளவாக இருப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் சிறியது கல்லாகிவிடும், பெரியது உள்ளே ஈரமாகவே கிடக்கும். ஒரு கிலோவுக்கு 25 முதல் 28 பழம் நிற்கும்.

கழுவித் துடைத்துவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் 60 கிராம் கல் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். தளதளவென்று கொதிக்கும்போது பழங்களைப் போட்டு, தீயைக் குறைத்து, நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம். கரண்டியால் புரட்டிக்கொண்டே இருங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வந்தவுடன் இறக்கி வடிகட்டிவிடலாம். இந்த வேக்காடு எதற்கென்றால், தோலின் மேல் இருக்கிற இயற்கையான மெழுகு இளகினால்தான் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி கிடைக்கும். மேலே ஒட்டியிருக்கிற பூஞ்சை வித்துகளும் சாகும். உப்பு வெளித்தோலோடு நின்றுவிடும், ருசிக்குத் தெரியாது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் தோல் குழைந்து வெடிக்கும். வெடித்ததைக் காயவைக்காதீர்கள், அன்றைக்கு ரசத்தில் பிழிந்துவிடுங்கள்.

துணியில் பரப்பி, ஈரம் போக ஃபேனடியில் இரண்டு மணி நேரம். பிறகு மூங்கில் தட்டிலோ கம்பி வலையிலோ, ஒன்றோடு ஒன்று தொடாமல், ஒரே அடுக்காக. எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தால் அடிப்பக்கம் வேர்க்கும், அங்கேதான் முதலில் பிடிக்கும். மேலே பழைய மல் வேட்டி ஒன்றைப் போர்த்துங்கள், தூசியும் காக்காயும் அண்டாது. காலையில் திருப்பிப் போடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். மாசியிலும் விடியற்காலையில் மாடி ஓடெல்லாம் நனைந்துதான் கிடக்கும்.

ஊசியால் குத்தினால் சீக்கிரம் காயும் என்று சிலர் சொல்வார்கள். வேகவைத்த பழத்தைக் குத்தினால் சாறு கசிந்து பிசுபிசுவென்று தட்டில் ஒட்டும். நாரத்தைக் கீறலில் பட்டது போதும், மொட்டை மாடியில் குத்தாமலே காயட்டும்.

இனிமேல் வருவதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பழம் கறுத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். நிறம் பொய் சொல்லும். மூட்டமான நாட்களில் பழம் மெதுவாகக் காயும்போது கருப்பு சீக்கிரம் ஏறும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தால் முழுக்கக் காய்ந்த பிறகும் வெளிர் பழுப்பாகவே நிற்கும். கடையில் பழுப்பு, கருப்பு இரண்டும் விற்பதைப் பார்த்திருப்பீர்கள், இரண்டும் நல்லதுதான். பழுப்பில் புளிப்பு முன்னே நிற்கும், கருப்பில் புளித்து முதிர்ந்த வாசனை கூட இருக்கும்.

ஆகவே தராசை நம்புங்கள். காயப்போடுகிற முதல் நாள் மொத்தப் பழத்தையும் கிச்சன் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எலுமிச்சையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது போனபின் முதல் எடையில் ஆறில் ஒரு பங்கோ ஏழில் ஒரு பங்கோதான் நிற்க வேண்டும்: 1 கிலோ போட்டால் 150, 160 கிராம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாயங்காலம் உள்ளே எடுக்கும்போது நிறுங்கள். காலையில் நிறுத்தால் ராத்திரி ஈரத்தையும் சேர்த்துக் காட்டும். முதல் வாரம் மளமளவென்று இறங்கும். அப்புறம் 300 கிராம் வாக்கில் வந்து நத்தை மாதிரி நகரும். பொறுமை போவது அங்கேதான். தோல் கல்லாகிவிட்டது, தட்டினால் டக்கென்று சத்தம் வருகிறது, ஆனால் நடுச்சதை இன்னும் அல்வா பதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். விடாதீர்கள். மூன்று வாரம் சாதாரணமாக ஆகும், பெரிய பழம் என்றால் நாலு. தொடர்ந்து இரண்டு நிறுப்பில் எடை மாறவில்லை, கணக்கும் ஆறில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டது என்றால் முடிந்தது. உங்கள் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் ஒன்றை நிறுத்துப் பாருங்கள், எதை எட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அப்படியும் மனசு கேட்காவிட்டால் இருப்பதிலேயே பெரிய பழத்தை உடையுங்கள். உள்ளே கறுத்து, சுளைகள் சுருங்கி, நடுவில் பொந்தாக, கிள்ளினால் உதிர்கிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே கருப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சாம்பலாகவோ வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு தெரிந்தால் மட்டும் அது குப்பைக்கு.

மாடி இல்லாத வீட்டுக்கு, இளஞ்சூட்டுக் காற்றில் காயவைக்கிற டீஹைட்ரேட்டர் என்ற மின்பெட்டி உதவும்: 55 முதல் 60 டிகிரியில் முழுப் பழத்துக்கு இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கு மேலும். அதில் சூடு ஒரே சீராக இருப்பதால், இரண்டாம் நாள் ஒரு ஊசிக்குத்து குத்தினால் தப்பில்லை. கேக் சுடுகிற ஓ.டி.ஜி. மின் அடுப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பலவற்றில் குறைந்த சூடே 100 டிகிரி. தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே சாறு வெந்து கசக்கும், கரண்ட் பில் தனி.

காய்ந்ததைக் கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி நிரப்பி ஒரு வாரம் கண்ணெதிரே வையுங்கள், தினம் ஒரு குலுக்கு. ஜாடிச் சுவரில் வேர்வை தட்டினால் மறுபடி மாடிக்கு. தட்டாவிட்டால் இறுக மூடி அலமாரியில் வைத்துவிடலாம், ஒரு வருஷம் தாராளமாக நிற்கும். பொடியாக்கி வைக்காதீர்கள். ஆடி, ஆவணியில் பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், வாசனையும் போய்விடும்.

இப்போது டீ. ஈராக்கில் இதை நூமி பஸ்ரா என்று சொல்லி, சின்னக் கண்ணாடித் தம்ளரில் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். தேயிலை கிடையாது, பால் போட்டால் திரிந்துவிடும். இரண்டு பேருக்கு அரை லிட்டர் தண்ணீர், இரண்டு பழம். பழத்தைக் கழுவி, துணியில் சுற்றி, இடிகல்லில் ஒரே ஒரு தட்டு. நாலைந்து துண்டாகப் பிளந்தால் போதும், பொடியாக வேண்டாம். துண்டுகளைத் தட்டில் கொட்டி விதைகளை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள். கசப்புக்கு முதல் காரணம் அதுதான்: லிமோனின் என்ற கசப்புச் சரக்கு விதையில் ஏராளம், உள் வெள்ளைத் தோலிலும் உண்டு. தண்ணீர் கொதித்ததும் துண்டுகளைப் போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம். அணைத்து மூடி இன்னொரு ஐந்து நிமிடம். வடிகட்டினால் தேன் நிறத்தில், கருப்புப் பழமாக இருந்தால் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கும். கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் ருசி கூடும் என்று நினைப்பது நம் கஷாயப் புத்தி. கூடுவது கசப்பு மட்டும்தான்.

தம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, அல்லது பனங்கற்கண்டு. கருப்பட்டி போட்டால் கருப்பட்டிதான் தெரியும். ஒரு ஏலக்காய் தட்டிப் போடலாம். இஞ்சி வேண்டாம், இதன் வாசனையை அது அமுக்கிவிடும். தண்ணீரையும் கவனியுங்கள்: போர் தண்ணீரில் போட்டால் டீ சப்பென்று இருக்கும், அதில் கரைந்திருக்கிற உப்புகள் புளிப்பை முறித்துவிடும். காவேரித் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ ஊற்றுங்கள். அதே துண்டுகளில் அன்றைக்கே இன்னொரு முறை இரண்டு தம்ளர் போடலாம், கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். ஆறவைத்து ஐஸ் போட்டாலும் நன்றாகவே இருக்கும். நெஞ்செரிச்சல் இருக்கிற மாமாவுக்கு மட்டும் வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள்.

மிஞ்சுகிற பழத்தில் ஒன்றை, புளி குறைவாகப் போட்ட பருப்புக் குழம்பில் முழுசாக மிதக்கவிட்டுப் பாருங்கள், இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால். மட்டன் குழம்புக்கு இன்னும் எடுப்பாக இருக்கும். பரிமாறும்போது எடுத்துவிடுங்கள், யாராவது கடித்தால் உங்களைத்தான் திட்டுவார்கள்.

மாசியில் தட்டு மாடிக்கு ஏறியதும் முதல் நாள் எடையைச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
கீழ்வீட்டிலிருந்து